சிவப்புப் பொத்தான்

விளம்பரத்தில் 'டிரைவர்' என்று போட்டது என் பிழை.
மூன்று நாளாய்க் கனரக வாகன லைசன்ஸோடு
கல்முனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் ஆட்கள்.
ஒருவர் கொழும்புக்குப் பதினெட்டு வருசம்
அரிசி லொறி ஓட்டியவர். அவருக்கு விளக்கினேன்:
இந்த டிரைவர் சீட்டில் இருப்பதில்லை,
லினக்ஸுக்கும் அந்த இரும்புக் கைக்கும் நடுவில் நின்று
அங்கே சொல்வதை இங்கே சொல்வது.
"அப்ப கண்டக்டர் எண்டெல்லா போட்டிருக்கணும்."
தேத்தண்ணி குடித்து எழும்பும்போது கேட்டார்:
"இதுக்கு பிரேக் எங்க இரிக்கி?"
கம்பியூட்டருக்குள் என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் அக்கரைப்பற்று பஸ்ஸில் இறங்கி
வயல் வீதியால் நடந்து வந்தவர் முர்ஷிதா.
சான்றிதழ் உறையை மேசையில் வைத்தார், திறக்கவில்லை.
"மெஷினப் பாக்கலாமா?"

ஆலைக்குள் உமித்தூசி.
கைக்கு ஆறு மூட்டு. ஐம்பது கிலோ தூக்கும்,
தூக்கியதைச் சில நாள் பாதி வழியில் மறந்துபோகும்.
மோட்டரோடு வந்த டிரைவர் ஏதோ பழைய கேர்னலுக்கு எழுதியது,
புதியதில் ஏறவில்லை.
நான்தான் இரண்டு இரவு முழித்து ஒட்டுப் போட்டேன்.
அதைச் சொன்னபோது என் குரலில்
கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும்.

மடிக்கணினியை நெல் மூட்டைமேல் வைத்து
என் வரிகளை வாசித்தார்,
தவிட்டில் கோழி பார்ப்பதுபோல, ஒன்றையும் விடாமல்.
கரண்ட் போய், திரும்ப வந்தது.
"இங்க ஒரு இன்டரப்ட் வருது.
நீங்க பூட்டைக் கையில வச்சிட்டு நித்திரை கொள்றீங்க.
வாசல்ல தட்டுறது ஒருத்தருக்கும் கேக்காது."
நிரலைத்தான் சொன்னார்.
எனக்கு முகம் சுட்டது.

பிறகு எழும்பிக் கையைச் சுற்றி நடந்து
தூணருகே நின்றார்.
சீமெந்து பெயர்ந்திருந்தது, ஒரு ஆளின் தோள் உயரத்தில்.
"இதில நிண்டது ஆரு?"

கேள்வி கேட்பது நான் என்றுதான் ஏற்பாடு.
சாக்கு தைத்துக்கொண்டிருந்த ஆதங்காக்கா
ஊசியை நிறுத்தாமல் சொன்னார்:
"நான்தான் புள்ள. குனிஞ்சதால தப்பின."

அதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.
காசு போட்ட மச்சானுக்கும் சொல்லவில்லை.
அன்று சிவப்புப் பொத்தானை அமுக்கியதும் நான்தான்.
மூன்று தரம்.

முர்ஷிதா அந்தப் பொத்தானின் வயரைப் பிடித்துக்கொண்டே போனார்,
சுவரால், மேசைக்குக் கீழால்,
கம்பியூட்டரின் முதுகு வரைக்கும்.
"நிப்பாட்டுற கதையும் என்ட டிரைவருக்குள்ளாலதான்
போகணும் எண்டா எனக்கு இந்த வேலை வேணாம்.
எவ்வளவு திறமா எழுதினாலும் ஒருநாள் தொங்கும்.
இது நேரா மோட்டர்ர கரண்டை வெட்டணும்.
லினக்ஸ் மௌத்தானாலும் வெட்டணும்."

பிறகு சம்பளம்.
நான் நினைத்ததைவிட முப்பதாயிரம் கூட.
வெள்ளிக்கிழமை அரை நாள்.
என் ஒட்டு முழுவதையும் அழிக்க அனுமதி.
கணக்குப் பார்க்கிறவன் மாதிரி
வெறும் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பெரும்போக நெல் வந்து குவிய இன்னும் மூன்று கிழமை.
"கடைசியாச் சொன்னதுதான் கஷ்டம்," என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

சம்மாந்துறைக் கடைத்தெருவில் ரிலே வாங்கி
எலக்ட்ரீசியன் வந்து பூட்டி முடிய
அசர் பாங்கு சொல்லியாயிற்று.
கை ஒரு மூட்டையைத் தூக்கியது.
"அமுக்குங்க காக்கா," என்றார் முர்ஷிதா.

ஆதங்காக்கா கையைச் சாரனில் துடைத்து
பெருவிரலால் அமுக்கினார்.
எங்கோ ஒரு 'டக்'. கை மூட்டையோடு அப்படியே நின்றது.
கம்பியூட்டர் திரையில் அது இன்னும்
ஓடிக்கொண்டிருப்பதாகவே எழுதியிருந்தது.

பொத்தானைத் திருகி விடுவித்தார்.
கை அசையும்வரை பார்த்திருந்துவிட்டு,
ஒருவரும் கேட்காமலே,
இன்னொரு தரம் அமுக்கினார்.